ஒடியா, வங்காளம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடலில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடப் போகிறவர்கள்தான் வாடிக்கை. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப்பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வந்ததிலிருந்து வெளிமாநில முகங்கள் இன்னும் கூடிவிட்டன.

தெலுங்கு, இந்தி எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். ஒடியாவும் வங்காளமும்தான் தகராறு. எங்கள் தெருவில் வடக்கே இருந்து யார் வந்தாலும் 'இந்திக்காரர்'தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு வங்காளப் பாட்டி ஈரச் சேலையோடு நின்று 'ஜோல், ஜோல்' என்றார். பக்கத்து வண்டியில் சோளக்கதிர் வாங்கி நீட்டினேன்! பாட்டி சிரித்துக்கொண்டே கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார். தண்ணீராம்.

கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடியா பையன்கள் என்னை 'பாய்' என்பார்கள். நெற்றி நிறைய விபூதியோடு முழித்தேன். அவர்கள் ஊரில் அது அண்ணன் தம்பியைச் சொல்வதாம். இப்போது பழகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'சூடு, பார்த்து', 'சர்க்கரை போடவா', 'துணி மாற்றும் இடம் அந்தப் பக்கம்', 'செருப்பை இங்கே விடலாம், காசு வேண்டாம்'. இவற்றை இரண்டு மொழியிலும் பேசிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? போனில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன், அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறதென்று பையன்கள் சிரிக்கிறார்கள். அப்புறம், பலகையில் எழுத அந்தந்த எழுத்திலும் வேண்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் மாட்டிவிட நினைக்கிறேன்.