சமாதானம் சொல்ல நீளாத கை: திருமண்டலத் தேர்தலுக்குப் பின் நாம் பேசும் விதம்

மூன்றாம் மணி எழுதியது:

திருமண்டலத் தேர்தல், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தேர்தல், முடிந்த மூன்றாவது ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. ஐயர் (சபைப் போதகர்) பீடத்திலிருந்து சமாதானம் கொடுத்தார். நம் தென்னிந்தியத் திருச்சபை வழக்கப்படி அது உள்ளங்கைக்குள் உள்ளங்கையாக வரிசை வரிசையாகக் கைமாறி வர வேண்டும். எனக்கு முன்வரிசையில் நடுவிலேயே நின்றுவிட்டது. தோற்ற அணிக்கு வாக்களித்த பெரியவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி இருந்தார். பக்கத்திலிருந்தவர் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். இருவரும் நாற்பது வருடம் ஒரே பாடகர் குழுவில் தோளோடு தோள் நின்று பாடியவர்கள். பெரியவர் கைகளை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னாலிருந்து எட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

இவர்களைப் பிரித்தது எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகளின், வாட்ஸ்அப் குழு. ஒருவரை 'யூதாஸ்' என்றார்கள். இன்னொருவரின் மகள் கல்யாணத்தை இழுத்தார்கள். பிறகு பாராளுமன்றத் தேர்தல் வந்தது. இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் கிறிஸ்தவனே இல்லை என்று அதே ஆட்கள் அதே குழுவில் தீர்ப்பு எழுதினார்கள்.

இந்தச் சபை பிறந்த கதையாவது நமக்கு நினைவிருக்க வேண்டாமா? பேராயர்கள் வேண்டும் என்ற ஆங்கிலிக்கரும் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்), பேராயர் ஆட்சியே வேண்டாம் என்ற மற்றவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் பேசத் தொடங்கினார்கள். 1947 செப்டம்பர் 27இல்தான் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானார்கள். 28 வருடம்! அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்த பேராயர் வேதநாயகம் அசரியா, நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1945இலேயே கண்மூடிவிட்டார். பலனைப் பார்க்காமலே ஒரு மனிதர் கடைசிவரை பேசியிருக்கிறார். நம்மால் ஒரு தேர்தலைத் தாங்க முடியவில்லை.

வடக்குத்தெரு எழுதியது:

அண்ணாச்சி, அந்தப் பெரியவருக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் 'மரியாதையாகப் பேசுங்கள்' என்ற புத்திமதி எப்போதும் யாரை நோக்கி வருகிறது என்று கவனித்தீர்களா? கணக்குக் கேட்பவனை நோக்கித்தான் வருகிறது. எங்கள் சேகரத்தில் பள்ளிக்கூட நியமனத்துக்குக் கைமாறிய பணத்தைப் பற்றி என் அப்பா கூட்டத்தில் எழுந்து கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. 'சபையின் சமாதானத்தைக் கெடுக்கிறீர்' என்று உட்காரவைத்தார்கள். பணம் வாங்கியவர்களை யாரும் உட்காரவைக்கவில்லை.

ஏறையூரை மறந்துவிட்டோமா? தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கிடைக்காமல் தனிப் பங்கு (தனிக் கோவிலும் குருவும் உள்ள சபை) கேட்ட ஊர். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதற்கு முன் எத்தனை வருடம் அவர்கள் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்! மத்தேயு 23ஐ எடுத்துப் படியுங்கள். அன்றைய மதத் தலைவர்களான பரிசேயரிடம் இயேசு மென்மையாகப் பேசவில்லை.

பனங்காடு எழுதியது:

அக்கா சொல்வதே சரி. நாங்கள் வழக்குப் போட்டால் உடனே 1 கொரிந்தியர் 6ஐ நீட்டுகிறார்கள், சகோதரன் சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்று. நம் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்க 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்கும் நிலை வந்ததே, யாரால் வந்தது? உள்ளே நியாயம் கிடைத்திருந்தால் யாரும் வெளியே போயிருக்க மாட்டார்கள்.

அரசியலில் நாகரிகம் என்றால் எல்லோரும் ராஜாஜியின் தகனத்தில் பெரியார் அழுததைச் சொல்வார்கள். அது 1972 டிசம்பர். 1953ஐ யாரும் சொல்வதில்லை. ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயர் சொல்லித் தாக்கினார் பெரியார். மறு வருடம் ராஜாஜி பதவி விலகினார். நட்புக்காகப் பெரியார் போராட்டத்தில் ஒரு அடியும் குறைக்கவில்லை.

மூன்றாம் மணி எழுதியது:

தம்பி, அதைத்தான் நானும் கேட்கிறேன். அடி குறையவில்லை, அழுகையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன.

அக்கா, சொல் எவ்வளவு வெட்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். படித்த சபையாருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. நாசரேத்துக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற நாடார் கிறிஸ்தவர் 1857இல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பிரிந்து தனிச் சபையே தொடங்கினார். அந்தப் பிளவுக்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். கால்டுவெல் இந்த மக்களுக்காக உழைத்தவர், இங்கேயே வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரின் சொல்லே இப்படி என்றால், இரவு பதினொரு மணிக்கு நாம் கைப்பேசியில் தட்டும் சொல் என்ன செய்யும்?

வடக்குத்தெரு எழுதியது:

நீங்கள் எடுத்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அந்தப் புத்தகத்தில் வசைச்சொல் ஒன்றும் இருந்திருக்காது. படித்தவர் எழுதும் அடக்கமான உரைநடை. கோபத்தோடு பேசியவர் சட்டாம்பிள்ளை. அன்று நாகரிகம் யாரிடம் இருந்தது, காயம் யாரிடம் இருந்தது?

நாங்கள் கணக்குக் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டோம். மூன்றுமே 'கனம் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்' என்று தொடங்கியவை. பதில் இல்லை. நான்காவதை எப்படி எழுத வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் மணி எழுதியது:

இதை இரண்டு நாள் யோசித்தேன். கால்டுவெல் விஷயத்தில் நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது, ஒப்புக்கொள்கிறேன். நான் வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1947இல் ஒன்றானவர்கள் ஒரு வாக்குறுதியும் கொடுத்துக்கொண்டார்கள்: மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத ஊழியரையோ ஆராதனை முறையையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று. கையில் பெரும்பான்மை இருந்தும் அதைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி அது. அப்படியானால் அடக்கம் முதலில் ஜெயித்தவனுக்குத்தான் கடமை. நான் ஜெயித்த அணியில் நின்றவன், இப்போது திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர். முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது கடிதத்தில் தொகை, தேதி, கேள்வி மூன்றும் இருக்கட்டும். யாருடைய பிறப்பும் வீடும் வர வேண்டாம். உங்கள் அப்பா கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.

பனங்காடு எழுதியது:

கையெழுத்துப் போட்ட பிறகு, 'நான்தான் வந்துவிட்டேனே, வழக்கைத் திரும்பப் பெறுங்கள்' என்று கேட்பீர்களா அண்ணாச்சி?

மூன்றாம் மணி எழுதியது:

கேட்க மாட்டேன்.

வடக்குத்தெரு எழுதியது:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும் என்று தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கொண்டு வருகிறோம்.