ரூய் பட்ரிசியோ இத்தனை வருஷம் நின்றது எப்படி?

கேள்வி:
போர்ச்சுகல் கால்பந்து அணிக்காக 100 ஆட்டங்களுக்கு மேல் கோல் காத்தவர் ரூய் பட்ரிசியோ. ஆனால் பறந்து பிடிக்கும் காட்சிகள் அவரிடம் குறைவு. அவர் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? 2022-ல் இளம் கோல்கீப்பர் டியோகோ கோஸ்டாவிடம் இடத்தை விட்டது ஏன்?

பதில் 1:
பறப்பது குறைவு என்பதுதான் அவருடைய பலமே. சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்டால் பாதிப் பந்துகளுக்குப் பறக்கவே வேண்டாம்.

பிரான்ஸுடனான 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியாட்டம், 10-வது நிமிடம் பாருங்கள். பிரான்ஸின் பாயே தூக்கிக் கொடுத்ததை கிரீஸ்மன் தலையால் முட்ட, பந்து வில்லாக வளைந்து கிராஸ்பாருக்கு (கோலின் மேல்கம்பி) அடியில் இறங்கியது. இப்படி வரும் பந்துக்கு பந்தை நேருக்கு நேர் பார்த்தபடியே பின்னால் ஓடினால் உடல் எடை குதிகாலுக்குப் போய்விடும். எம்ப முடியாது, மல்லாந்து விழுவோம். ஒரு காலைப் பின்வைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, குறுக்கடி போட்டு (ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து) நகர வேண்டும். பிடிக்கவும் கூடாது, போகிற வேகத்தில் பந்தோடு கோட்டைத் தாண்டிவிடுவோம். விரல்நுனியால் பாருக்கு மேலே தட்டிவிடுவதே சரி. அவர் தட்டிவிட்டார். அது உள்ளே போயிருந்தால் கூடுதல் நேரத்தில், 109-வது நிமிடத்தில், போர்ச்சுகலின் எடெர் அடித்த வெற்றி கோலுக்கு வேலையே இருந்திருக்காது.

பதில் 2:
பெனால்டியை விட்டுவிட்டீர்களே! 2006 நவம்பரில், 18 வயதில், போர்ச்சுகல் கிளப்பான ஸ்போர்ட்டிங்குக்காக ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே எதிரணியான மரிட்டிமோவின் பெனால்டியைத் தடுத்தார்; ஸ்போர்ட்டிங் 1-0 வென்றது. 2016 யூரோ காலிறுதியின் பெனால்டி ஷூட்அவுட்டில் போலந்தின் முதல் மூன்று உதைகளும் கோல். நான்காவதாக வந்த பிளாஷ்சிகோவ்ஸ்கியைத் தடுத்தார், போர்ச்சுகல் 5-3 வென்றது.

பழகுகிறவர்களுக்கு: உதைப்பவரின் ஊன்றுகால் (பந்தருகே ஊன்றும் கால்) தரையில் பதியும்வரை சாயாதீர்கள். முன்பே சாய்ந்தால் மறுபக்கம் சும்மா தட்டிவிடுவார்கள். இப்போதைய விதிப்படி உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின்மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். இல்லாமல் தடுத்தால் மறுபடி உதைக்கச் சொல்வார்கள்.

பதில் 3:
கோஸ்டா விஷயம். 2022 மார்ச்சில் துருக்கியுடனான உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளேஆஃப்பில் 22 வயது கோஸ்டாவை இறக்கினார்கள், 3-1 வெற்றி. அப்போது பட்ரிசியோவுக்கு வயது 34. ஆனால் வயதைவிடக் காலால் பந்தைக் கையாளும் விதம்தான் காரணம் என்பேன். எதிரணி நெருக்கும்போது கோஸ்டா நிதானமாக நடுக்களத்துக்குப் பாஸ் போடுவார். பட்ரிசியோ நீளமாக உதைத்துவிடுவார், பந்து பாதி நேரம் எதிரணிக்கே போகும். கோட்டில் நின்று தடுப்பதில் அவர் அப்போதும் குறைந்தவரில்லை. அதே ஆண்டு மே மாதம் திரானாவில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டை 1-0 வென்று இத்தாலியின் ரோமா கிளப் கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையை எடுத்தபோது கோலில் நின்றவர் அவர்தான்.

இன்னொன்று: இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப்பில் 1-ஆம் எண்ணை அவர் கேட்கவில்லை. அது ரத்தப் புற்றுநோயால் ஓய்வுபெற்ற, அந்த கிளப்பின் முந்தைய கோல்கீப்பர் கார்ல் இக்கிமியின் எண். 11 போட்டுக்கொண்டு ஆடினார். மனுஷன்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த 2016 இறுதியாட்டத்தின் 90 நிமிடம் முடியும் கடைசியில் பிரான்ஸின் ஜினியாக் அடித்ததையும் இவர்தான் தடுத்தாரா?

பதில் 1:
இல்லை. போர்ச்சுகல் தடுப்பாட்டக்காரர் பெப்பேயை ஏமாற்றி அடித்த பந்து இவரையும் தாண்டி போஸ்டில் பட்டது. அதை இவர் கணக்கில் சேர்க்க முடியாது.