30எஸ் ரைபோசோமின் தலை மட்டும் தட்டையாகிறது, உதவி வேண்டும்

மன்னார்குடி மாணவி:
வணக்கம். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருளை பைத்தானில் எழுதிட்டிருக்கேன். 327 அணு உள்ள கிராம்பின்ங்கிற சின்னப் புரதம் அழகா வருது. 1ஜே5இங்கிற பிடிபி கோப்பை (அணுக்களோட இடத்தை வரிவரியா எழுதின கோப்பு), அதாவது செல்லுல புரதம் தயாரிக்கிற ரைபோசோமின் சின்னப் பாதியான 30எஸ் துணை அலகை ஏத்தினா ரெண்டு சிக்கல். ஆர்என்ஏவில் தலைப் பகுதி பெரும்பாலும், உடம்பு மேல ஓடற ஒரு நீள ஹெலிக்ஸும் (சுருளும்) அப்பளமா ஒரே தளத்துல விழுது. புரதங்கள் சரியா இருக்கு. அப்புறம், எந்த அணு எதோட சேர்ந்திருக்குன்னு பிணைப்பு தேடும்போது லேப்டாப் அப்படியே நின்னுடுது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009ல நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன் நம்ம சிதம்பரத்துல பிறந்தவர். எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு இதைச் சுழற்றிக் காட்டணும்னு ரொம்ப ஆசை.

குடந்தைக்காரன்:
கோப்பு வரியை ஸ்ப்ளிட் போட்டு, அதாவது இடைவெளி வர்ற இடத்துல பிரிக்கிறியாம்மா? தட்டையான அணுக்களோட இசட் எல்லாம் 1.00ஆ இருக்கான்னு பாரு.

மன்னார்குடி மாணவி:
ஆமா சார், அத்தனையும் 1.00! எப்படித் தெரிஞ்சுது?

குடந்தைக்காரன்:
பிடிபி கோப்புல இடைவெளியை நம்பக் கூடாது, பத்திதான் (வரியில எத்தனாவது எழுத்துங்கிறது) கணக்கு. சங்கிலி எழுத்து 22ஆம் பத்தி, எச்ச எண் (சங்கிலியில எத்தனாவது கண்ணிங்கிறது) 23 முதல் 26. எண் 999 வரைக்கும் நடுவுல இடம் இருக்கும். 1000 ஆனதும் 'ஏ1000'னு ஒட்டிக்கும். ஒரு சொல் குறையுது, எக்ஸ் இடத்துக்கு ஒய் வருது, ஒய்க்கு இசட், இசட்டுக்கு இருப்பு விகிதம் (அந்த இடத்துல அணு இருக்கிற பங்கு). அதுதான் அந்த 1.00. புரதச் சங்கிலி எதுவும் ஆயிரத்தைத் தொடாததால தப்பிச்சுது. எக்ஸை 31–38, ஒய்யை 39–46, இசட்டை 47–54 பத்தியிலேர்ந்து வெட்டி எடு.

திருவாரூர் தம்பி:
அக்கா, 50,000 அணுவை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா 125 கோடி ஜோடி. 3 ஆங்ஸ்ட்ரம் (அணு அளவிலான தூரத்துக்கான அலகு) பெட்டிகளா இடத்தைப் பிரிச்சுடுங்க. வரப்பு ஒட்டின வயலை மட்டும் பார்க்கிற மாதிரி, தன் பெட்டியும் சுத்தி 26 பெட்டியும் போதும். மெக்னீசிய அயனியைச் சேர்க்காதீங்க, பக்கத்து ஆக்சிஜனோட பொய்ப் பிணைப்பு விழும்.

குடந்தைக்காரன்:
சரியாச் சொன்னே தம்பி. அடுத்து முழு 70எஸ் ரைபோசோமுக்குப் போறதுன்னா எம்எம்சிஃப்ங்கிற இன்னொரு கோப்பு வடிவத்துக்கு மாறிடும்மா. பிடிபியில அணு வரிசை எண்ணுக்கு அஞ்சு இடந்தான், 99,999ஓட சரி.

மன்னார்குடி மாணவி:
தலை எழுந்துடுச்சு சார்! பெட்டி முறையில பிணைப்பும் சில விநாடியில முடியுது தம்பி. அந்த நீள ஹெலிக்ஸ் தனி நிறத்துல, முறுக்கு முறுக்கா, கண்ணுக்கு முன்னால நிக்குது. சனிக்கிழமை பிள்ளைங்களுக்குக் காட்டப் போறேன்.