கிறிஸ்தவ பாடத்துக்கு ஆசிரியர் இல்லை: வழிகாட்டல் வேண்டும்

வணக்கம். இலங்கை அரச பாடசாலைகளில் பிள்ளைகள் தத்தம் சமயத்தைக் கற்று, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் அப்பாடத்துக்குத் தோற்றுவதை அறிவீர்கள். தரம் 10இல் பயிலும் என் மகளின் பாடசாலையில் மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆகிய கத்தோலிக்கமல்லாத கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த பிள்ளைகள் மூவரே இருப்பதால், மற்றவர்கள் சைவநெறி கற்கும் பாடவேளையில் இவர்கள் நூலகத்தின் கடைசி மேசையில் அமர்ந்து, பாடநூலைத் தாமாகவே வாசித்துக் கோடிடுகின்றனர். கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் அன்போடு உதவ முன்வந்தார். ஆயினும் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள், வினாத்தாள்களும் வேறு. (இதைப் பாடசாலைக்கு விளங்கவைக்கவே ஒரு தவணை போய்விட்டது.) மகள் தேவாலயத்தின் ஓய்வுநாள் பாடசாலையில் வேதாகமக் கதைகளைக் கற்றிருக்கிறாள், கட்டுரை வினாவுக்கு விடையெழுதும் முறைதான் பிடிபடவில்லை. தமிழ்மொழி மூலக் கடந்தகால வினாத்தாள்கள் வைத்திருப்போரும், வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் மூவருக்கும் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்களும் தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள். உரிய கட்டணம் தருவோம்.