மறு: பந்தை ‘ஷீல்ட்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல் – ‘தோளரண்’ என் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கால்பந்தில் எதிராளி பந்தைப் பறிக்காதபடி உடம்பை நடுவே வைத்துக் காப்பதை ‘ஷீல்ட்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். அகராதியில் ஒரு சொல் எப்படி நிற்கும் என்பதைவிட, அதை உரக்கச் சொன்னதும் பிள்ளையின் உடம்பு எப்படித் திரும்புகிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

> ‘கேடயமிடல்’ போதுமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் கேடயம் கையில் பிடிப்பது, முன்னே நீட்டுவது. அதைக் கேட்ட பிள்ளை கையை நீட்டி எதிராளியின் மார்பில் வைக்கும். கால்பந்தில் குற்றங்களைச் சொல்லும் ஆட்டவிதி 12 தடுப்பது அதைத்தான். பந்து ஆடக்கூடிய தொலைவில் இருக்கும்வரை எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே நிற்கலாம். கையாலோ உடம்பாலோ அவரை நெருங்கவிடாமல் பிடித்து நிறுத்தக் கூடாது. கை சற்றே விரிந்திருப்பது சமநிலைக்கும், ஆள் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்துகொள்வதற்கும் மட்டும்.

> சங்கச் சொல் ‘மெய்ம்மறை’ இருக்கிறதே?

இதைப் படித்ததும் மனம் துள்ளியது. சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று பாடினார்கள். தன் வீரர்களுக்குக் கவசமாக முன்னே நிற்பவன் அவன். நம் செயலுக்கு இவ்வளவு பொருத்தமான படிமம் வேறில்லை. ஆனாலும் அந்தச் சொல்லில் மறைக்கப்படுவது மெய், அதாவது உடம்பு. நமக்கு மறைய வேண்டியது பந்து. போதாததற்கு, இன்று ‘மெய்ம்மறைப்பு’ என்று எழுதினால் யாரோ உண்மையை மறைப்பதாகத்தான் படிப்பார்கள்.

இழையில் வந்த மற்றச் சொற்களில் ‘காபந்து’ காதுக்கு இனிமை, உள்ளே பந்தும் இருக்கிறது. ஆனால் கா + பந்து என்று பிரித்தால் வினைத்தொகை. ‘காக்கும் பந்து’ என்றாகிவிடும். ‘இடைநிற்றல்’ விதியின் சொற்களுக்கு மிக அருகில் வருகிறது. அது பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதற்கு நிலைத்துவிட்டது.

‘மறித்தல்’ வேண்டவே வேண்டாம். அதைக் குற்றத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டும். பந்து எட்டாத தூரத்தில் கிடக்கும்போது எதிராளியின் வழியில் குறுக்கே போய் நிற்பது மறித்தல். மேலே படாமல் மறித்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (அந்த உதையிலேயே நேராகக் கோல் போட முடியாது), பட்டால் நேரடி ஃப்ரீ கிக் (போடலாம்). பந்தைக் காப்பதிலும் மறிப்பதிலும் நிற்கும் விதம் ஒன்றாகவே இருக்கலாம்; பந்தின் தூரம்தான் ஒன்றை ஆட்டமாகவும் மற்றதைக் குற்றமாகவும் ஆக்குகிறது. அந்தத் தூரத்தை நான் ‘ஆடுதொலைவு’ என்கிறேன். மறை, மறி என்று ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டையும் வைத்தால் மைதானத்து இரைச்சலில் பிள்ளைகளுக்குக் குழப்பமே மிஞ்சும்.

‘மறை’ என்பதற்கு இன்னொரு காரணத்தாலும் நான் எதிர்ப்பு. வெகுநாள் நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளைவிட ஒரு தலை உயரமான பையன் பின்னால் வந்து ஒட்டுகிறான். “மறை, மறை!” என்று கத்தினேன். அவள் முதுகை முழுவதுமாக அவனுக்குக் காட்டி, பந்தின்மேல் கவிழ்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பாதமும் சேர்ந்திருந்தன. அவன் இலேசாகச் சாய்ந்ததுமே தடுமாறினாள். அவன் காலைச் சுற்றி நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டான். நான் சொன்னதைத்தான் அவள் செய்தாள். மறைக்கச் சொன்னேன், மறைத்தாள்.

அடுத்த முறை “தோள்!” என்று மட்டும் சொன்னேன். பக்கவாட்டில் திரும்பினாள். தோள் திரும்பியதும் இடுப்பு கூடவே வந்தது, கால்கள் அகன்றன, முழங்கால் மடங்கியது. பந்து தானாக அவனுக்கு எட்டாத பக்கத்துக் காலுக்குப் போனது. அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, தோளுக்கு மேலாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எட்டி எட்டிப் பார்த்தும் பந்துக்கும் அவன் காலுக்கும் நடுவே ஓர் உடம்பின் அகலம் இருந்தது.

அதனால்தான் தோளரண். தோளை அரணாக்கி நிற்பது. வினையாக ‘தோளரணிடு’, களத்தில் கூவுவதற்குத் ‘தோள்!’ போதும். எதிராளிக்கு எட்டாத அந்தக் காலுக்குத் ‘தூரக்கால்’.

இடுப்பும் சேர்ந்துதானே காக்கிறது, தோளை மட்டும் சொல்வானேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மை, தாங்குவது பெரும்பாலும் இடுப்புதான். ஆனால் இடுப்பு என்றதும் பிள்ளைகள் பின்னால் இடிக்கிறார்கள். தோளைச் சொன்னால் இடுப்பு தானாக வந்துவிடுகிறது.

அரண் என்றால் பருத்த உடம்பு வேண்டும்போல் இருக்கிறது என்ற கவலைக்கு: மெஸ்ஸியின் உயரம் 170 செ.மீ.தான்.

என்னை உண்மையாகவே உறுத்துவது வேறொன்று. அரண் அசையாது, இவர்கள் அசைய வேண்டும். எதிராளியின் எடை எந்தத் தோளில் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பந்தைப் பாதத்தால் உருட்டிக்கொண்டு விலகிவிட வேண்டும். தாங்கி நிற்பது அந்த ஒரு கணத்துக்காகத்தான். அந்த விலகலுக்கு என்னிடம் சொல் இல்லை. ‘சுழல்’ என்று சொல்லிப் பார்த்தேன், ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டு எதிராளியின் முன்னாலேயே வந்து நின்றார்கள். ஓரசையில், அதிகமாகப் போனால் ஈரசையில், யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த பயிற்சியிலேயே கூவிப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.