அண்ணன் சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டார், பயமாக இருக்கிறது

தங்கச்சி (கேள்வி):
அண்ணன் 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே பக்தி அதிகம் அவருக்குத்தான். இப்போது எல்லோரும் கும்பிடப் போனால் வாசலோடு நின்றுவிடுகிறார். ஒருநாள் வற்புறுத்தியதற்கு, "நான் செஞ்சதுக்கு அங்க மன்னிப்பு கிடையாது" என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரம், கையை விட்டுக் கழற்றாத கடிகாரத்தை என் மகன் கையில் கட்டிவிட்டு, "பத்திரமா வச்சுக்கோடா" என்றார். அவன் குதிக்கிறான், எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பூசை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

பழைய சிப்பாய்:
அம்மா, அந்தக் கடிகாரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அங்கே நின்றவன்தான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நம்பிக்கை போனவனுக்கு மன்னிப்பு கிடைக்காதே என்ற வேதனை எங்கிருந்து வரும்? "கடமையைத்தானே செய்தாய்" என்று யாராவது சொன்னால் அதோடு வாயை மூடிக்கொள்வேன். ஒரு மதகுரு மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் போகவே மனம் வந்தது. இன்றைக்கே நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா அண்ணா?"

மனநல ஆலோசகர்:
அவர் சொல்வது சரி. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. உங்கள் அண்ணன் படுவதை அறக்காயம் என்பார்கள், அதாவது மனசாட்சிக்கு எதிராக நடந்த ஒன்றால் மனதில் விழும் காயம். வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே 1990களில் இதைப் பேச ஆரம்பித்தார். மேலதிகாரிகள் செய்யும் துரோகத்தை அவர் முக்கியமாகப் பார்த்தார். 2009இல் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும், தானே செய்தது, தடுக்காமல் விட்டது எல்லாவற்றையும் இதில் சேர்த்தார்கள். பி.டி.எஸ்.டி. எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பில் பயம் பெரிதாக இருக்கும், இதில் குற்றவுணர்வும் வெட்கமும். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைக்கும் முன்னாள் வீரர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் பூசையை மட்டும் நம்பி நாளைத் தள்ளிப்போடாதீர்கள், சிகிச்சையோடு சேர்ந்து நடக்கட்டும். வீட்டில் துப்பாக்கியோ நிறைய மாத்திரையோ இருந்தால் இப்போதே வேறு ஒருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்டதற்கு அண்ணன் ஆமாம் என்று சொன்னால் தனியே விடாமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கும் பேசுங்கள்.

தங்கச்சி:
ராத்திரி கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் "ஆமா" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சின்னப் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. அப்போதே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், இங்கேதான் இருக்கிறோம். டாக்டர் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்.