தொலைந்த வரிசை எண்கள்: பழைய செட்டைத் திரட்டுகிறவர்களுக்கு

கேட்டவர்: 1991-ல் பி.இ. முடித்த செட். மொத்தம் 120 பேர், கையில் இருப்பது 47 எண். மீதிப் பேரை எங்கிருந்து பிடிப்பது? எந்த மாதம் கூடுவது? பணம் யார் பெயரில் வாங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டியல் பராமரிக்கும் ஒருவர்: வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் சார். முதல் வேலை பெயர்ப் பட்டியல். முதலாமாண்டு நாமினல் ரோல் ஒரு பிரதி கிடைத்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. அதில் பெயர்கள் அகரவரிசையில், வரிசை எண்ணோடு இருக்கும். எண்களை 1 முதல் கடைசி வரை எழுதிவிட்டுத் தெரிந்த பெயர்களை நிரப்புங்கள். வெற்றிடமாக நிற்கும் கட்டத்துக்கு முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் கேளுங்கள். லேபில் பக்கத்து மேஜை, பரீட்சை ஹாலில் பக்கத்து இருக்கை எல்லாம் வரிசை எண்படிதான். அந்த இருவருக்கு ஞாபகம் வராத பெயர் வேறு யாருக்கும் வராது.

பட்டமளிப்பு விழாப் பட்டியலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அந்த முறை பட்டம் வாங்கியவர்கள்தான் அதில் இருப்பார்கள். அரியர் வைத்துப் பிறகு முடித்தவர், முடிக்காமலே போனவர் எல்லாம் விட்டுப்போவார்கள். அவர்கள் தாங்களாக வரமாட்டார்கள், கூப்பிடாவிட்டால் மனதிலும் வைத்துக்கொள்வார்கள். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் முதலாமாண்டு ரோலில் இருக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். ஒரு வருஷம் தங்கிப் படித்தவரை இரண்டு செட்டும் 'அடுத்த செட்காரர்' என்று விட்டுவிடும். இரண்டிலும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். நம் ஊரில் தேடல் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கல்லூரியில் ரா. செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, செந்தில்குமார் ராமசாமி. வெளிநாட்டு ஆபீசில் அவரே வெறும் 'குமார் ராமசாமி'. 'ரா' என்பது ராமசாமியா, ராஜகோபாலா, ரங்கநாதனா என்று தெரியாமல் லிங்க்டுஇன்னில் எத்தனை மணி நேரம் தேடினாலும் பயனில்லை. டி.சி. பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவருக்கும் தெரியும், மணியார்டர் அவர் பார்க்கத்தானே வரும்! ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நியூமராலஜி பார்த்து ஒரு 'ஏ', ஒரு 'எச்' சேர்த்துக்கொண்டவர்கள் நம் தலைமுறையில் ஏராளம்.

பெண்களில் பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும். அவர்களைத் தேடாதீர்கள், அண்ணனையோ தம்பியையோ தேடுங்கள். அதே இனிஷியல், அதே ஊர், அநேகமாக அப்பா வீட்டிலேயே இருப்பார். நேராக எண் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுத்து, அக்காவிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். செட்டில் இருக்கும் பெண் ஒருவர் பேசினால் இன்னும் சுலபம்.

அஞ்சல் துறையில் இருந்தவர்: ஆட்டோகிராஃப் நோட்டில் உள்ள முகவரி பற்றி. 1991-ல் எழுதிய முகவரியில் இருக்கும் மாவட்டப் பெயர் இன்று இருக்காது. பெரியார் மாவட்டம் என்றால் ஈரோடு, காமராஜர் என்றால் விருதுநகர், சிதம்பரனார் என்றால் தூத்துக்குடி, நெல்லை கட்டபொம்மன் என்றால் திருநெல்வேலி. தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தது 1997-ல். அதற்குப் பின்னும் மாவட்டங்கள் பிரிந்துகொண்டே இருந்தன. ஆகவே மாவட்டத்தை விடுங்கள், பின்கோடைப் பிடியுங்கள். 1972-ல் வந்த அந்த ஆறு இலக்கம் பெரும்பாலான ஊர்களில் அப்படியேதான் இருக்கிறது. கிராமமாக இருந்தால் அப்பா பெயரையும் தெருவையும் போட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தாலும், எங்கே போனார்கள் என்று தபால்காரருக்கோ பக்கத்து வீட்டுக்கோ தெரிந்திருக்கும். கடிதத்துக்குள் உங்கள் செல்பேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள், பதில் போனில்தான் வரும்.

சென்னை லேண்ட்லைன் 7 இலக்கமாக எழுதியிருந்தால் முன்னால் 2 சேர்த்து ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். 6 இலக்கம் என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பட்டியல் பராமரிக்கும் ஒருவர்: ஒன்று விட்டுப்போயிற்று. 'அவர் இறந்துவிட்டார்' என்று ஒருவர் சொன்னதும் குழுவில் படத்தைப் போட்டு அஞ்சலி செலுத்தாதீர்கள். எஸ். ரவியும் ஆர். ரவியும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். குடும்பத்தில் ஒருவர், செட்டில் ஒருவர், இரண்டு பேர் வாயால் உறுதியான பிறகுதான் பட்டியலில் குறிக்க வேண்டும். கூடும் நாளில் திரையில் காட்டும் அஞ்சலிப் படங்களையும் முந்தின வாரம் இன்னொரு முறை சரிபாருங்கள்.

குழு நிர்வாகி ஒருவர்: பட்டியல் எந்த ஒரு செயலிக்குள்ளும் வாழக் கூடாது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போயிற்று, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். அதற்குள்ளேயே முகவரிகளை வைத்திருந்த செட்டுகள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கின. ஒரு எக்ஸெல் கோப்பு, மூன்று பேரிடம் மூன்று பிரதி, ஜனவரியில் ஒருமுறை புதுப்பித்தல். இது போதும். பத்திகள்: வரிசை எண், அன்றைய இனிஷியல், அப்பா பெயர், பட்டப்பெயர், ஹாஸ்டல் அறை எண், சொந்த ஊர், இன்றைய ஊர், செல்பேசி, மின்னஞ்சல், துணைவர் அல்லது பிள்ளையின் எண். கடைசிப் பத்தி பொதுவில் போகக் கூடாது, ஆனால் இந்த வயதில் அதுதான் முக்கியம். உடம்பு முடியாமல் கிடப்பவரின் போனை வேறொருவர்தான் எடுப்பார். செல்பேசி மட்டும் இருந்தாலும் போதாது. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீங்கிவிடும், கைவிட்ட சிம் எண் நாளை வேறொருவர் கைக்குப் போகும்.

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அரட்டைக்கு. இன்னொன்று அறிவிப்புக்கு, அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் ஒருவர் அம்மா இறந்த செய்தி முப்பது பிறந்தநாள் கேக்குக்கு அடியில் போய்விடும், மூன்றாம் நாள் பார்த்து வருத்தப்படுவார்கள். நிர்வாகிகள் மூன்று பேராவது வேண்டும், ஒருவர் பெண்ணாக, ஒருவர் வெளிநாட்டில் இருப்பவராக. தேர்தல் நேரத்தில் அரட்டைக் குழுவையும் பூட்டிவிடுவது உத்தமம். நாற்பது வருஷ நட்பை ஒரு ஃபார்வர்டு முறித்துவிடும்.

மண்டபம், சாப்பாடு பார்ப்பவர்: மார்கழி. வேறு யோசனையே வேண்டாம்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபம் காலியாக இருக்கும், வாடகையில் பேரம் பேசலாம். அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை, இங்கே வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்கு அரையாண்டு விடுமுறை. வங்கிக்காரர்களுக்கு இரண்டாம், நான்காம் சனிதான் ஓய்வு. உங்களுக்கு 35-ஆம் வருஷம் 2026-ல் வருகிறது, அந்த டிசம்பர் 26 நான்காம் சனி. கிறிஸ்தவ நண்பர்கள் 25-ஐ வீட்டில் கழித்துவிட்டு மறுநாள் வரலாம். ரிசார்ட் மட்டும் வேண்டாம், மண்டபம் மலிகிற அதே வாரத்தில் ரிசார்ட் விலை ஏறும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான், அக்டோபர் கடைசி வாரம் திறக்கும் நாளை அறிவிப்புக் குழுவில் போட்டுவிடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்குத் தேதி ஒரு வருஷம் முன்பே தெரிய வேண்டும்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் அந்தச் சமயம் இருப்பார்கள். அசைவம் போடுவதானால் அவர்களுக்குப் பந்தியே தனி, பரிமாறும் பாத்திரமும் தனி. சமையல்காரரிடம் இலைக் கணக்கு சொல்லும்போது 'வருகிறேன்' என்று கை தூக்கியவர்களை எண்ணாதீர்கள், முன்பணம் கட்டியவர்களை எண்ணுங்கள். குடும்பத்தோடா தனியாகவா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். குறைந்தபட்ச இலைக்குக் கீழே போனாலும் அவர் முழுப் பணம் வாங்குவார், அதிகமானால் கூடுதல் இலைக்கு என்ன விலை என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர்: பணம் ஒருவரின் சம்பளக் கணக்குக்குள் போகக் கூடாது. இரண்டு பேர் கூட்டாகத் தனிச் சேமிப்புக் கணக்கு திறக்கலாம். ஒரு சிக்கல் உண்டு: இருவர் கையெழுத்தும் கட்டாயம் என்று வைத்தால் அந்தக் கணக்கில் பெரும்பாலும் யுபிஐ ஓடாது. யாராவது ஒருவர் இயக்கலாம் என்று வைத்து, வாரா வாரம் ஸ்டேட்மென்ட்டை அறிவிப்புக் குழுவில் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கூடுவதற்கு வாங்கும் பணம் எளிது. செட்டில் ஒருவர் இறந்து, குடும்பத்துக்குத் திரட்டும் பணத்தில்தான் தவறுகிறார்கள். நண்பர்கள் சட்டப்படி உறவினர் அல்ல. ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு இப்படி வந்த தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கணக்கில் வரும். இந்த வரம்பு ஆளுக்குத் தனித்தனி. மனைவிக்கும் 18 வயது தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பான் எண்ணில் தனிக் கணக்கு. உண்மையாகவே அவரவர் கைக்குப் போக வேண்டும், காகிதத்தில் பிரித்தால் போதாது.

அறக்கட்டளை தொடங்குவதானால் குடியுரிமையைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி, ரூபாயாகக் கொடுத்தாலும் சரி. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. புதிதாகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு உடனே கிடைக்காது, மூன்று வருஷமாவது இயங்கிக் காட்ட வேண்டும். பெரிய தொகை அவர்களிடமிருந்துதான் வரும் என்று நம்பித் திட்டம் போடும் செட்டுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

மண்டபம், சாப்பாடு பார்ப்பவர்: பேட்ஜ் அச்சடிக்கும்போது அன்றைய இனிஷியலோடு பெயர், கீழே பட்டப்பெயர், அதற்குக் கீழே பிரிவும் அறை எண்ணும். கல்லூரி முத்திரையை மூலைக்குத் தள்ளுங்கள். எழுத்து அரை அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது, எல்லோருக்கும் வெள்ளெழுத்து வந்தாயிற்று. இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். கயிற்றில் தொங்குவது திரும்பிக்கொள்ளும்.